பின் ஆக்சிலில் ஒரு பொட்டு

பிள்ளைகளே, என் தம்பி குமார் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தான். கூரம் பக்கத்து வயல்களுக்கு உரமூட்டை ஏற்றிப் போவான். போன கார்த்திகையில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். பிறகு அந்த ஜீப்பை நான் ஓட்டினேன்.

ஒருநாள் பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலின் உள்தண்டு உடைந்து வண்டி வயலோரம் நின்றுவிட்டது. மெக்கானிக் காதர் பாய்க்குப் போன் செய்தேன்.

"அந்த ஜீப்புல ரெண்டு மூணு வகை ஆக்சில் வருதுபா. பின்னாடி நடுவுல உருண்டையா ஒரு மூடி இருக்குது பாரு, அத தொடச்சி வை. வந்து பாத்து சொல்றேன்" என்றார்.

மண்ணெண்ணெய்த் துணியோடு அடியில் படுத்துத் தேய்த்தேன். சேறு போனதும் துணி சிவந்தது. குங்குமம்.

ஆயுத பூஜையன்று தம்பி அங்கே பொட்டு வைத்தபோது, "அடியில வெச்சா எந்த சாமிடா பாக்கும்?" என்று கேலி செய்திருந்தேன்.

"பாரத்த எல்லாம் தாங்குறது அதுதானேண்ணா. நாம கண்டுக்கலன்னா எப்படி?" என்று சிரித்தான்.

அவன் வைத்த கடைசிப் பொட்டில் பாதியை நானே அழித்துவிட்டேன்.

காதர் பாய் வந்தபோதும் நான் அடியிலேயே கிடந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவரும் பக்கத்தில் வந்து படுத்தார். என் கையிலிருந்த துணியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இதுக்கு மேல தொடைக்காதபா. மூடியோட வடிவம் தெரியுது, சுத்தி போல்ட்டு தெரியுது. எனக்கு இது போதும்" என்று வகையைச் சொன்னார். அதற்கேற்ற தண்டை வாங்கி வந்து, பொட்டின்மேல் கை படாமலே மாற்றி வேலையையும் முடித்தார்.

அந்த ஜீப்பில் இருப்பது எந்த ஆக்சில் என்று இப்போது எனக்குத் தெரியும். குனிந்து அதைப் பார்க்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.