தனியாக வசிக்கிறார்

நான்காக மடித்த ஒரு பழைய செய்தித்தாள். சபுராளி காக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலிக்குப் பயிற்சியின் முதல் வாரமே சொல்லித்தரும் விதி, பையை வெறும் தரையில் வைக்காதே என்பது. தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கை கழுவிய பிறகுதான் திறக்க வேண்டும். தாளை நாங்களே கொண்டுபோவோம். முதல் நாள் நான் விரித்ததைக் கவனித்துக்கொண்டிருந்தவர், அடுத்த முறை போனபோது தன் வீட்டு முக்காலியில் ஒரு தாளை விரித்துத் தயாராக வைத்திருந்தார். நான் கிளம்பும்போது அதை நான்காக மடித்து ஜன்னலில் செருகுவார். எத்தனையோ வீட்டுப் படி ஏறி இறங்கியிருக்கிறேன். நான் வருவேன் என்று எனக்காக ஒரு பொருளை எடுத்து வைத்த வீடு அது ஒன்றுதான்.

அப்போது திருப்புல்லாணியைத் தாண்டிக் கடலோரத்தில் ஓர் ஊரின் துணை சுகாதார நிலையத்தில் இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாயும் வயலும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணம் கூடிவரவில்லை. நிலையத்தின் பின்னறைதான் குடியிருப்பு. பகலெல்லாம் ஊரே நர்சம்மா, நர்சம்மா என்று கூப்பிடும். கதவைச் சாத்திவிட்டால் பேச்சுத்துணைக்குப் பல்லிதான்.

கடல் கடந்து பிழைக்கப் போனவரை அந்த ஊரில் சபுராளி என்பார்கள். காக்கா என்றால் அண்ணன். இவர் வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இருமலோடு திரும்பியவர். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை. வாரத்தில் மூன்று நாள் நான் போய், என் கண்ணெதிரே விழுங்கவைத்து, அட்டையில் குறித்துவிட்டு வர வேண்டும்.

அங்கே வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். நோய் என்று தெரிந்த அன்றே காக்கா, மனைவியையும் மகளையும் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு, பூட்டிக்கிடந்த தன் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டவர்களிடம், "உம்மா வீட்ட மராமத்துப் பாக்குறேன்" என்றார். சாட்சிக்கு இரண்டு மூட்டை சிமெண்டை வாசலில் போட்டிருந்தார். அவை பிரிக்கப்படாமல் கல்லாய்ப் போயின. முன்வாசல் வழியாக நான் வருவதும் அவருக்கு ஆகாது. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாடும் ஒடுங்கிய சந்து உண்டு, முடுக்கு என்பார்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அதன் வழியாகப் போவேன். கதவு திறந்தே இருக்கும். அறையின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். மாத்திரையை விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்டுவார். "ஏர்போர்ட்டுல கூட என்னய இம்புட்டுச் சோதிச்சதில்ல நர்சம்மா" என்பார். பிறகு பிளாஸ்க்கில் இருந்து இஞ்சித் தேநீர், கூடவே பாலைவனத்துக் கதைகள். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் இருந்தேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அட்டையில் ஒரு கட்டம் உண்டு: நோயாளியுடன் வசிப்பவர்கள். அவர்களையும் சோதித்தாக வேண்டும். மருத்துவமனைச் செவிலிக்கு நோயாளி ஓர் ஆள். எங்களுக்கு நோயாளி என்பது ஒரு வீடு. எங்கள் வேலையின் ஆணிவேரே அதுதான். இரண்டாவது வாரம் நான் பேச்செடுத்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கு நர்சம்மா. நீங்க அந்த வீட்டுப் படியேறுனா ஊருக்கே தெரிஞ்சிரும். நிக்காஹ் முடியட்டும். நானே ரெண்டு பேத்தையும் கூட்டிக்கிட்டு வாரேன், இன்ஷா அல்லாஹ்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். விதி தெரியாதவள் இல்லை நான். ஆனால் முடியாது என்றால் அடுத்த முறை அந்த முக்காலியில் தாள் இருக்காதோ என்று பயந்தேன். பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'தனியாக வசிக்கிறார்' என்று எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நான்காவது மாதம், ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே கறுப்பு புர்காவில் இரண்டு பெண்கள் கூட்டம் கலையும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர், தான் சபுராளியின் மனைவி என்றார். "புள்ளைக்கு ஒன்றர மாசமா அந்தியானா காய்ச்ச அடிக்குது. மூச்சு விட்டா விலாவுல குத்துதுங்கிறா" என்று மகளின் முகத்திரையை விலக்கினார். அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்ததுமே அப்பாவின் நோய்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. வாரக்கணக்கில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். முன்பே பார்த்திருந்தால் வீட்டிலிருந்தபடியே மாத்திரையோடு போயிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எதை மறைக்க அந்த இரண்டு வார்த்தையை எழுதினேனோ, அது ஊருக்கே தெரிந்தது. பேசிய சம்பந்தமும் நின்றுபோனது. பெண் பிழைத்துவிட்டாள், பிற்பாடு வேறிடத்தில் கல்யாணம் ஆனதாகவும் கேள்விப்பட்டேன். அதில் எனக்குப் பங்கில்லை.

மறுமுறை அவரிடம் போனபோது தாள் விரித்துத்தான் இருந்தது. தேநீர் இல்லை. மாத்திரையை விழுங்கினார், வாயைத் திறந்து காட்டினார். தப்பு என்னுடையது, அந்த வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டும் என்றேன். "நாந்தான வேணாம்னேன்" என்றார். அட்டையை எடுத்து அந்த இரண்டு வார்த்தையை அடிக்கப் போனேன்.

"அத அடிக்காதீங்க நர்சம்மா. என் வீட்டுப் படியேறாதீங்கன்னு எம் பொஞ்சாதி எங்கிட்டச் சொல்லிட்டா. இனிமே அது நெசந்தான்."

அடித்துவிட்டுத் தாயின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினேன். மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். மெமோ வந்தது, பின்னாலேயே சாயல்குடிப் பக்கம் மாறுதலும் வந்தது. காக்காவுக்கு நோய் முழுதாகக் குணமானது. ஆனாலும் கடைசிவரை அந்தத் தாய்வீட்டில் ஒற்றையாகவே இருந்து மௌத்தானார் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது ஓய்வு பெற்று ராமநாதபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு ரத்த அழுத்தம். மாதம் ஒருமுறை ஒரு பெண் பையோடு வந்து அளந்து பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்துப் போகிறாள். அவள் வரும் நாளில் காலையிலேயே முக்காலியில் தாளை விரித்துவிடுவேன். போன மாதம் கைபேசியில் ஏதோ கணக்கெடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுல வேற யாரும் இல்லைல்ல ஆன்ட்டி? தனியா இருக்கீங்கன்னு போட்டுக்கிறவா?"

"அப்படிப் பொசுக்குன்னு போட்டுறாத தாயி. யாரு வந்து போறாங்கன்னு விசாரிச்சுப் போடு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாவம், பொறுமைக்காரி. "சரி சொல்லுங்க, யாரு வந்து போறாங்க?" என்று விரலை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

யோசித்தேன். பால்காரர் வாசலோடு சரி. தம்பி மகன் வந்துபோய் ஒரு பொங்கலும் கழிந்துவிட்டது. நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன்.

"நீதான்" என்றேன்.

சிரித்துவிட்டு எதையோ தொட்டாள். என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவள் போனதும் தாளை நான்காக மடித்து ஜன்னலில் செருகினேன். அடுத்து அவள் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.