கோப்ரலுக்கு வந்த பதில்

அந்த ஸ்டொப் வோச் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. முள் ஐந்து நிமிடம் நாற்பது வினாடியில் நிற்கிறது. சாவி கொடுத்தால் ஓடும். நான் கொடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனைப் பிரதான வீதியில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு கம்பியூட்டர் வகுப்பு நடந்தது. ஓ.எல். பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்ட என்னை, வருபவர்களுக்கு டைப்பிங் பழக்குவதற்கு வகுப்பை நடத்திய ஸேர் வைத்திருந்தார். எனக்கு விரல் வேகம். வாய் அதைவிட வேகம். பக்கத்து இராணுவ முகாமுக்குக் கம்பியூட்டர் வரப்போகிறது, வயர்லெஸ்காரர்களில் யாருக்கு எவ்வளவு முடியும் என்று அளந்து தாருங்கள் என்று முகாமின் கப்டன் கேட்டிருந்தார். பத்து வரி, பத்து நிமிடம். தேறாதவர்கள் வயர்லெஸ் அறையை விட்டு வடக்கே போர்முனைக் காவலரணுக்குப் போக வேண்டும்.

அந்த வயர்லெஸ்காரர்களில் ஒருவரான கோப்ரல் மலைநாட்டு மலாய்க்காரர். எங்கள் பள்ளிவாசலில்தான் ஜும்ஆத் தொழுவார். எங்களைப்போலவே தமிழ் கதைப்பார். சோதனையன்று காலையில் முதல் வரியை மின்னலாக அடித்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிடங்கள் போயின.

"என்ன கோப்ரல், படம் போடுவாங்கண்டு பாத்திட்டிரிக்கீங்களா?"

"பதில் வரல்லயே தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கைகள் மட்டும் இறங்கவில்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகு இன்னொரு முறை, அதுதான் கடைசி என்றார் ஸேர்.

கீழே தேநீர்க்கடையில் கோப்ரல் சொன்னார்: "பதினொரு வருஷம் தம்பி. ஒரு வரி அனுப்பினா, கிடைச்சிதெண்டு அந்தப் பக்கம் சொல்லணும். சொல்லாம அடுத்த வரிக்குக் கை போகாது." அந்த மோர்ஸ் பதிலை மேசையில் தட்டிக் காட்டினார்: ஒரு தட்டு, நகத்தால் ஓர் இழுப்பு, மறுபடி ஒரு தட்டு. அந்தப் பக்கத்தில் இருந்தவன் அவருடைய கூட்டாளி. விரலில் பழைய காயம். கடைசித் தட்டு ஒரு மூச்சு பிந்தித்தான் விழும். "போன மாசம் அவன்ட முகாம் விழுந்திச்சு. இப்ப சத்தமே இல்ல." தேநீரைக் குடிக்காமல் எழுந்தார். "மகளுக்கு மூணு மாசம் தம்பி. இன்னும் முகத்தப் பாக்கல்ல."

என் சிரிப்பு ஆட்களைக் குழப்புகிறது என்று ஸேர் என்னைப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுக் கீழே போனார். என்னிடம் வோச்சும் ஒரு பென்சிலும் இருந்தன. கோப்ரல் முதல் வரியை முடித்தார். அறை அமைதியானது. நான் பென்சிலால் தடுப்பில் தட்டினேன்: தட்டு, இழுப்பு, தட்டு. பாதி இரக்கம், பாதி குறும்பு. உடனே கீபோர்ட் சாவிகள் ஓடத் தொடங்கின. இரண்டாவது வரி, மூன்றாவது. ஆறாவது வரி வரை பதில் கொடுத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பென்சில் கைதவறி உருண்டு போனது. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது ஏழாவது வரி முடிந்தது.

தட்டு. இழுப்பு. ஒரு மூச்சு கழித்து, தட்டு.

என் தலைக்கு மேலே, அதே பலகையில். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான். வெளியே பஸ் ஹோர்ன், கீழே துணி கிழிக்கும் சத்தம், பட்டப்பகல். எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு வரிக்கும் அது வந்தது. நான் இரண்டு கைகளாலும் வோச்சை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கோப்ரல் தடுப்பைச் சுற்றி வந்தார். முகம் நனைந்திருந்தது.

"முதல் ஆறும் நீ. கழுத உதைக்கிற மாதிரிக் கை உனக்கு. மத்த நாலும் ஆரு?"

தரையில் உருண்டு கிடந்த பென்சிலைக் காட்டினேன்.

ஸேர் படியேறி வந்து, "எவ்வளவு?" என்றார். வோச்சைப் பார்த்தேன். பென்சில் விழுந்தபோதே என் பெருவிரல் அதை நிறுத்தியிருந்தது. "ஒம்பது நிமிஷம் ஸேர்" என்றேன். ஸேர் அதை எழுதிக் கப்டனுக்கு அனுப்பினார். கோப்ரல் வடக்கே போகவில்லை. மகளைப் பார்க்க லீவில் போனவர் எனக்கொரு தொதல் இனிப்புப் பார்சல் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தடுப்பை நாங்கள் இருவரும் நேராகப் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு ஒரு போன் கடை. ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததா என்று இளசுகள் நூறு தடவை திரையைப் பார்க்கும்போது கேலி செய்ய வாய் வரும், அடக்கிக்கொள்வேன். லாச்சியைத் திறந்தால் வோச் ஐந்து நாற்பதில் நிற்கும். அதற்குப் பிந்திய அந்த நாலு வரிகளுக்கும் யார் பதில் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யோசிக்கும்போது விரல் தானாக மேசையில் தட்டப் போகும். உடனே கையை மடக்கிக்கொள்வேன்.

பதில் வராது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.