ஆற்றுப் பக்கத்து சர்வ்

ஸுல்மா எச்செவெரி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கோணிப்போன கண்ணாடியை மேசைமேல் வைத்து, இரண்டு காலும் சமமாகப் படிகிறதா என்று பார்த்து நிமிர்த்துவது அவள் வேலை. பரானா ஊரில் பாதிப் பேரின் மூக்குக்குமேல் நேராக உட்கார்ந்திருப்பது அவள் கைவண்ணம்தான். அப்படிப்பட்டவள் தன் ஐம்பத்தாறாவது வயதில், டென்னிஸில் சர்வ் போடும்போதெல்லாம் முன்பக்கமாகச் சாய ஆரம்பித்தாள்.

முதல் தடவை ஷூவைக் குறை சொன்னாள். அடுத்த தடவை காற்றை. மூன்றாவது தடவை முழங்கால் சிராய்ந்து, உடம்பெல்லாம் மைதானத்துச் செங்கல் பொடியோடு எழுந்தபோது யாரையும் குறை சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் கால்சட்டை போடும்போது சும்மா சாய்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. மூன்றே வருஷத்தில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். ஸுல்மா நரம்பு டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விழுகிறவளைச் சும்மா விடுவார்களா? கிளப்பில் ஆளுக்கொரு யோசனை. காலை அகட்டி நில் என்றார் ஒருவர். பந்தைத் தூக்கும்போது பின்னங்காலை இழுத்து முன்னங்காலோடு சேர்த்துவிடு என்றார் இன்னொருவர். உடம்பின் பாரம் முதலில் பின்னால், பிறகு முன்னால் என்றாள் ஒருத்தி. இல்லை, முதலிலிருந்தே முன்னால்தான் என்றாள் அவளோடு சேர்ந்து காப்பி குடிக்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டதில் ஸுல்மாவுக்குத் தனக்கு எத்தனை கால் என்பதே சந்தேகமாகிவிட்டது.

குழப்பத்துக்கு மேல் குழப்பம் என்னவென்றால், வீட்டில் அவள் விழவில்லை. பல் தேய்த்தபடி ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். கொக்கு தோற்றது. கால்சட்டையையும் வேண்டுமென்றே நின்றுகொண்டே போட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கடை முடிந்து கிளப் மைதானத்துக்குப் போய், வெயில் முதுகில் விழுகிற ஆற்றுப் பக்க முனையில் நின்று ஒரு வாளிப் பந்தையும் சர்வ் போட்டாள். ஆறு தடவை தடுமாறினாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கிரிஸெல்டா வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். ஐம்பது வயது தாண்டிய பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி. ஸுல்மா மூன்று வாரமாகத் தலைவலி, விருந்தாளி என்று ஏதாவது சொல்லி ஆட்டத்தைத் தட்டிக்கழித்து வந்தாள். அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர்க் கிளப்போடு போட்டி, இன்றைக்கு என்னோடு ஒரு செட் ஆடு, இல்லாவிட்டால் வேறு பெயரை எழுதிவிடுகிறேன் என்று கிரிஸெல்டா கறாராகச் சொன்னாள். வேறு வழியில்லாமல் ஸுல்மா ராக்கெட்டை எடுத்தாள்.

முதல் கேம் ஆற்றுப் பக்கம். இரண்டு டபுள் ஃபால்ட், ஒரு தடுமாற்றம். பக்கம் மாறி, யூகலிப்டஸ் மரங்களின் பக்கம் நின்று சர்வ் போட்டாள். பந்து பழைய நாள் மாதிரிக் கோட்டோரத்தில் விழுந்து சீறியது. ஸுல்மா சாயவே இல்லை. மறுபடி ஆற்றுப் பக்கம் போனாள், குப்புறப் போகப் பார்த்தாள். மறுபடி மரத்துப் பக்கம் வந்தாள், மகாராணி மாதிரி நின்றாள்.

வலைக்கு வந்து நின்றுகொண்ட கிரிஸெல்டா, "உனக்கு என்னதான்டி ஆச்சு? அந்தப் பக்கம் போனா கிழவி, இந்தப் பக்கம் வந்தா குமரியா?" என்றாள்.

ஸுல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் நின்றால் வந்து, பக்கம் மாறினால் போகிற நோய் எந்த டாக்டர் படிப்பில் இருக்கிறது? இது காலில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா? தலையில் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா? இன்றைக்கு இவ்வளவு போதும், ஞாயிற்றுக்கிழமை ஆட வந்துவிடுகிறேன் என்று கிரிஸெல்டாவை அனுப்பிவிட்டு, மரத்துப் பக்கக் கோட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தடம் பார்த்துச் சண்டை போட்டே வளர்ந்தவர்கள் செங்கல் பொடி மைதானத்துக்காரர்கள். இத்தனை வருஷத்தில் அவள் தன் கால் தடத்தை மட்டும் பார்த்ததில்லை.

அவளுடைய வலது கால் நிற்கிற இடத்தில் ஒரு பள்ளம். கட்டைவிரல் ஆழம், முன்பக்கம் சின்னக் கரை, கெட்டியாக வழவழவென்று. காலை வைத்தாள். சொந்தச் செருப்பு மாதிரிப் பொருந்தியது. எழுந்து ஆற்றுப் பக்கம் ஓடினாள். அங்கே தரை பளிங்கு மாதிரி மட்டமாக இருந்தது.

மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அன்செல்மோ. தினமும் ஆட்டம் முடிந்ததும் குழிகளை மூடி, வலைப்பாயை இழுத்து மட்டம் செய்து, தண்ணீர் தெளிப்பவர். கொட்டகை வாசலில் மாத்தே இலைத் தேநீரைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஸுல்மா மூச்சு வாங்க வந்து நின்று, ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மட்டம், ஏன் என்று கேட்டதும் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

போன மாதம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்து தான் படுத்திருந்தபோது, கிளப்பில் வெளியாட்களை வைத்து ஆற்றுப் பக்கத்தை மட்டம் செய்துவிட்டார்கள் என்றார். பொடி தீர்ந்துபோனதால் மரத்துப் பக்கம் தப்பித்ததாம்.

"அந்தக் குழி என் கால் பண்ணினதா?"

"பண்ணினது உங்க கால். மூடாம விட்டது நான்," என்றார் அன்செல்மோ. "இருபத்தாறு வருஷமா. ரெண்டு பக்கமும். மழை பெஞ்சா மட்டும் கொஞ்சம் செதுக்கி விடுவேன். ஆழம் மாறிடக் கூடாதுல்ல?"

ஸுல்மா பக்கத்தில் இருந்த, மைதானத்தை அழுத்துகிற உருளைமேல் உட்கார்ந்துவிட்டாள். நோய் இல்லை. அதுதான் முதலில் உள்ளே இறங்கியது, கண்ணீரே வந்துவிட்டது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. பந்தைத் தூக்கி உடம்பை முன்னால் எறிகிறவளைப் பின்னங்காலில் பிடித்து நிறுத்தியது ஒரு குழி! குழி இல்லாத வெளியூர்ப் போட்டிகளில் அவள் சொதப்பும்போதெல்லாம் பதற்றம் என்று சொல்லி எல்லாரும் முதுகைத் தட்டிக் கொடுத்தார்களே, அது பதற்றம் இல்லை. அவளுக்கு சர்வ் போடத் தெரியாது. அவ்வளவுதான்.

"ஏன் செஞ்சீங்க?" என்றாள்.

அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "வந்த புதுசுல ஒரு நாள் விழுந்துட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டீங்க. அன்னிக்கு மழை, உங்க கால் பண்ணின குழிய நான் மூடல. மறுநாள் நல்லா ஊனி நின்னு போட்டுட்டு சிரிச்சீங்க. அப்புறம் மூட மனசு வரல."

நன்றி சொல்வதா, ஏமாற்றிவிட்டீர்கள் என்பதா? இருபத்தாறு வருஷம் ஒரு மனிதர் அவளுடைய கால் தடத்தை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார் என்பதற்கு என்ன பெயர் என்று ஸுல்மாவுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

"ஆத்துப் பக்கமும் ஒண்ணு எடுத்து வச்சிடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள இறுகிடும். யாருக்கும் தெரியாது," என்றார்.

ஸுல்மா அந்தப் பக்கம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம், கிரிஸெல்டாவின் முகம் எல்லாம் கண்முன் வந்தன. எழுந்து, கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இருக்கிற குழியையும் மூடிடுங்க. இப்பவே."

அவர் மூடினார். தண்ணீர் தெளித்து மிதித்தார், தேவைக்கு மேலேயே மிதித்தார். ஸுல்மா கோட்டருகே நின்று பந்தைத் தூக்கினாள். அடித்தாள். பந்து வலையில் மோதியது. அவள் இரண்டு எட்டு முன்னால் தள்ளாடிப் போய், விழாமல் நின்றாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான் சாய்ஞ்சார். மூணு வாரமா செத்துப் பிழைச்சேன், அன்செல்மோ," என்றாள் திரும்பாமல். பிறகு திரும்பினாள். "இனி சாயங்காலம் நான் வரும்போது நீங்க இங்க நிக்கணும். தூக்கி விட இல்ல. நான் எந்தக் கால்ல நிக்கறேன்னு எனக்கே தெரியல. உங்களுக்குத்தான் தெரியுது."

அன்செல்மோ தலையாட்டினார். மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கோட்டருகே, அவள் கால் தெரிகிற மாதிரி வந்து நின்றார்.