பெரட்டில் நான் கொடுத்த குரல்

தெரிந்தேதான் குரல் கொடுத்தேன். வாய் தவறவில்லை. கருப்பையா அண்ணனைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பியவன் நான்.

ஐம்பது வருடத்துக்கு மேல் மறைத்ததை இப்போது உங்களிடம் சொல்கிறேன்... மன்னிப்புக் கேட்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். என்னை மன்னிக்க நீங்கள் யார்?

போன மாதம் என் மகள் சரசு என்னை ஜப்பானுக்குச் சுற்றுலா அழைத்துப் போனாள். அந்த ஜப்பான்காரன் நாட்டைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று அடம்பிடித்தது நான்தான். குன்றின் உச்சியில் ஒரு கோட்டை. எப்போதோ எரிந்துபோனதைச் சிமெண்டில் திரும்பக் கட்டி, உள்ளே லிப்ட் வைத்து, வாளையும் கவசத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். இது பழைய கோட்டை இல்லை என்று வாசலிலேயே பலகையும் உண்டு. மேல்மாடியில் நின்றால் ஊர், ஆறு, தூரத்துக் கடல் எல்லாம் தெரிகின்றன. அழகுதான். அதில் பொய் சொல்ல எனக்கு என்ன தேவை?

அங்கே வழிகாட்டி எங்கள் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஓர் அம்மாள் கழிவறைக்குப் போயிருந்தார். பக்கத்தில் நின்றவர் அவருக்காக, "இருக்காங்க லா" என்றார்.

என் முகம் மாறியதைக் கண்டு சரசு கையைப் பிடித்துக்கொண்டாள். "பழச நெனைக்காதப்பா. பழக்கதோஷத்துல குடுத்த கொரலுதான..."

பழக்கதோஷம்! இத்தனை காலம் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன்.

கேளுங்கள். பாடாங் செராய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். பால்மரம் வெட்டுகிறவர்கள் இருட்டில் வரிசையாக நின்று "இருக்கேன்" என்போம். ஒருவன் வரத் தாமதமானால் இன்னொருவன் அவனுக்காகக் குரல் கொடுப்பான். பக்கத்து வீட்டுக் கருப்பையா அண்ணனுக்கு நான் கொடுப்பேன், எனக்கு அவர் கொடுப்பார்.

ஜப்பான்காரன் ஆட்சியில் ஒருநாள், கிராணியின் பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். ஆட்கள் செத்து விழும் சயாம் ரயில் பாதைக்கு இருபது ஆள் வேண்டுமாம். குரல் கொடுத்தவன் போகவேண்டும். காய்ச்சலில் படுத்தவனுக்கு விலக்கு. இதைக் கிராணி முதலிலேயே சொல்லிவிட்டார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பத்தொன்பது ஆனது. "கருப்பையா" என்றார் கிராணி. அண்ணன் லயத்து வீட்டில் காய்ச்சலோடு கிடந்தார். அடுத்த பெயர் என்னுடையது; அவர் விலகினால் இருபதாவது ஆள் நான். சரசு பிறந்து ஒன்பது நாள்...

"இருக்கேன்" என்றேன்.

லாரியில் ஏற்றும்போது ஓர் ஆள் குறைந்தது. பெரட்டுக்கு வந்துவிட்டு ஓடி ஒளிந்தான் என்று லயத்துக்குப் போய் அண்ணனை இழுத்து வந்தார்கள். என்னைத் தாண்டும்போது அண்ணன் நின்றார். காய்ச்சலில் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"விடு தம்பி. எப்பவும்போலத்தான குடுத்த."

அவர் திரும்பி வரவே இல்லை.

கோட்டை உச்சியில் சரசுவிடம் சொன்னேன். "பழக்கமில்லம்மா. எண்ணிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "எனக்காகவாப்பா?"

"ஒனக்காகவும்தான். எனக்கும் உசுரு மேல ஆசை இருந்திச்சு."

அண்ணனின் மனைவியைப் பற்றித்தான் அடுத்துக் கேட்டாள், "மாரியாயி பெரியம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"மாட்டேன்."

நாளைக்கே அந்தப் பெரட்டில் என்னை நிறுத்தினாலும் அதே குரலைத்தான் கொடுப்பேன். திட்டுங்கள். ஒன்பது நாள் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அந்த வரிசையில் நின்று பாருங்கள், அப்புறம் திட்டுங்கள்.

மாரியாயி அண்ணி திகாம் பத்து என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி போவேன். இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவார். "மனசுல வச்சிக்காத தம்பி, அவருக்கே ஒம்மேல வருத்தமில்ல" என்பார். ஒரு வருடம்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவேன்.

இந்தத் தீபாவளிக்கும் போவேன்... சாப்பிடுவேன்.