மகாராணி சொன்ன விலை

என் மனைவிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. என் தம்பி மனைவி அவளைப் பார்த்து ஒரு தடவையாவது பொறாமைப்பட வேண்டும். முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவள் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இருபது வருட வீட்டுக் கடனை நாங்கள் பதினோரு வருடத்தில் அடைத்தது இதற்காகத்தான். வங்கியில் எங்கள் சிக்கனத்தைப் பாராட்டினார்கள். சிக்கனமாவது ஒன்றாவது, எல்லாம் வயிற்றெரிச்சல்.

நானும் தம்பியும் ஒரே கட்டடத்தில், மூன்றாவது மாடியில், எதிரெதிர் வீடுகளை வாங்கினோம். ஒரே வங்கியில், ஒரே மேசையில், ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். தம்பி மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி, எப்போதும் சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ. கையெழுத்துப் போட்டு முடித்ததும் தம்பி மனைவி வங்கி அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மாசா மாசம் இது போறதே எங்களுக்குத் தெரியாது சார்" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பேருந்தில் இவள் வாயே திறக்கவில்லை. இறங்கிய பிறகுதான் வெடித்தாள்.

"போறதே தெரியாதாமே மகாராணிக்கு! எனக்குத் தெரியும்ங்க. ஒவ்வொரு காசும் தெரியும். பார்த்துக்கிட்டே இருங்க, அவளுக்கு முன்னாடி இந்த வீட்டை மீட்டுக் காட்டறேனா இல்லையான்னு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்கு மகாராணி என்றுதான் பெயர்.

மகாராணி வீட்டுக்கு முதலில் வந்தது சோபா. அது லிப்டில் நுழையவில்லை. ஊருக்கெல்லாம் லிப்ட் சரிசெய்கிற நான் அந்த சோபாவின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். இவள் வாசலில் கைகட்டி நின்று பார்த்தாள். சோபா உள்ளே போய்ச் சேர்ந்ததும், "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள். மகாராணி ஒரு தொகையைச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது திட்டம் வந்தது. "அந்தப் பணத்தை நாம பேங்க்ல கட்டறோம். மாசத் தவணையைச் சொல்லல. அதுக்கு மேல, அசல்ல கழியற மாதிரி. அவ சோபா உட்கார உட்காரத் தேயும். நம்ம பணம் கடனைத் தேய்க்கும்."

நான் தமாஷ் என்று நினைத்தேன். ஏழு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தச் சோபாவின் விலையை ஒரு காசு குறையாமல் கட்டினோம். எங்கள் வீட்டில் பாய்தான் இருந்தது. ஆனால் சோபாவைக் கட்டி முடித்தோம். பிறகு மகாராணி வீட்டுக்குப் பெரிய டிவி வந்தது. டிவியைக் கட்டினோம். வாஷிங் மெஷினைக் கட்டினோம். எங்கள் குடும்பத்துப் பேச்சே மாறிவிட்டது. மகள் புதுச் செருப்பு கேட்டால், "பிரிட்ஜ் இன்னும் முடியலடி" என்பாள் இவள். கேட்கிறவர்கள் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பணம் வானத்திலிருந்து விழவில்லை. சாயங்காலமானால் ஒரே ஒரு அறையில்தான் விளக்கு எரியும். மகள் படிப்பது, இவள் காய் நறுக்குவது, நான் பொத்தான் தைப்பது எல்லாம் அந்த ஒரே வெளிச்சத்தில். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்து இன்னும் நாலு நாள் ஓட்டுவோம். மெலிந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். எனக்கு முடி வெட்டுவதும் இவள்தான். அதன் பலனாக நான் வேலையிடத்தில் எந்நேரமும் தொப்பியோடு திரிந்தேன். "தொப்பி அண்ணே" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்கு வேலை சட்டை தைக்கும் தொழிற்சாலையில், செக்கிங் பிரிவில். தையலில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் கை நீட்டும் தூரத்திலேயே பிடித்துவிடுவாள். பழுது என்று தள்ளிய சட்டைகள் அங்கே சொற்ப விலைக்குக் கிடைக்கும். என் சட்டைகளில் ஒரு கை மற்றதைவிட எப்போதும் சற்று நீளம். அதனால் நான் கையை மடித்துவிட்டே வேலைக்குப் போனேன். மேலதிகாரி என்னை ரொம்பச் சுறுசுறுப்பானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் மகாராணி சொல்லும் விலையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. கடை வாசலை மிதிப்பதில்லை என்று வைராக்கியம் வேறு. உள்ளே போனால் கை சும்மா இருக்காது என்பாள். போனில் தட்டினால் விலை தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "போன் சொன்னா எனக்கு எரியாதுங்க. அவ வாயால சொல்லணும்" என்றாள். அந்த எரிச்சலில்தான் எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

லிப்ட் மூன்றாவது மாடியில் நின்றால் போதும், இவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கதவைத் திறந்துகொண்டு குப்பைக் கூடையை வெளியே வைப்பாள். வந்திருப்பது அட்டைப்பெட்டியா, மரச்சாமானா என்று பார்ப்பாள். சில நாள் அதே கூடையை இரண்டு முறை வைத்திருக்கிறாள். எனக்குப் பொறாமை இல்லையா என்றால், ஏன் இல்லாமல்? தம்பி குடும்பத்தோடு சுற்றுலா போகும்போதெல்லாம் சாவியை என்னிடம் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வான். ஊற்றிவிட்டு அந்தச் சோபாவில் சற்று உட்காருவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. நாமும்தான் இதற்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வேன். இவளிடம் சொன்னதில்லை, சொன்னால் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லியிருப்பாள்.

கடன் தீர்ந்தது. பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று சாயங்காலமே மகாராணியைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். காசு கொடுத்து பிஸ்கட் வாங்கினாள். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டாள். பத்திரம் இருந்த உறையை மேசையில், தட்டுக்குப் பக்கத்தில், தற்செயலாகக் கிடப்பதுபோல் மூன்று முறை வைத்துப் பார்த்தாள்.

மகாராணி வந்து உட்கார்ந்தாள். இவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படியா அக்கா? முடிஞ்சிடுச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே நிம்மதியா இருங்க" என்றாள் மகாராணி. சிரித்த முகமாகவே தேநீரைக் குடித்தாள். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டாள். பழைய சாப்பாட்டு மேசையை மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு இவள் அப்படியே நின்றாள். "அவ முகத்துல ஒண்ணுமே இல்லீங்க."

"நல்லாத்தானே பேசினாங்க. சந்தோஷப்பட்டாங்க."

"அதைத்தாங்க சொல்றேன். சந்தோஷப்பட்டுட்டுப் போயிட்டா." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவள் அழுது நான் பார்த்தது இரண்டே தடவை, அதில் இது ஒன்று.

இரண்டு வாரத்தில் எதிர்வீட்டில் சாப்பாட்டு மேசை வந்து இறங்கியது. பழக்கதோஷத்தில் இவள் போய், "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் நடுக்கூடத்தில் திகைத்து நின்றாள்.

"ஏங்க, இதை எங்க கட்டறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கட்டுவதற்குக் கடன் இல்லை. எரிகிற வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. "வா, நாமளும் போய் ஒரு சோபா வாங்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மகாராணி வாங்கும் அதே கடை. உள்ளே நுழைந்ததும் இவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எதையும் தொடாமல், அருங்காட்சியகத்தில் நடப்பதுபோல் நடந்தாள். சோபா இருந்த பகுதிக்குப் போகிற வழியில் அந்தச் சாப்பாட்டு மேசை இருந்தது. அதே கண்ணாடி, அதே வளைந்த கால். விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். மகாராணி சொன்னதில் சரிபாதி போட்டிருந்தது.

விற்பனையாளரைக் கூப்பிட்டாள். "இதுக்கு இப்பதான் விலை குறைச்சீங்களா?"

"குறைக்கலம்மா. போன மாசம் கொஞ்சம் ஏத்தியிருக்கோம்."

இவள் அடுத்து சோபாவிடம் போனாள். அங்கிருந்து டிவி. அங்கிருந்து பிரிட்ஜ். விலைவாசி இத்தனை வருடத்தில் ஏறியும், ஒன்றுகூட அன்று மகாராணி சொன்ன விலையைத் தொடவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நாம் கட்டியதெல்லாம் இரட்டை விலையா? இதற்கா நான் ஒரு கை நீண்ட சட்டை போட்டேன்? தம்பியைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனை எடுத்தேன். இவள் என் கையைப் பிடித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏங்க, அவ கூட்டிக் கூட்டிச் சொல்லியிருக்கா!"

"பீத்திக்கறதுக்குத்தான்."

"யார்கிட்ட பீத்திக்கணும்? பாய்ல உட்கார்ந்திருக்கிற என்கிட்டயா? விலை கேட்டதைத் தவிர, அவ வாங்கின எதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கல. நமக்கும் ஒண்ணு வேணும்னு கேக்கல. அதை அவளால தாங்க முடியலீங்க. எனக்கு எரியணும்னே ஏத்திச் சொல்லியிருக்கா. அப்போ யாருக்கு எரிஞ்சிருக்கு? அவளுக்கு! முதல் நாள்லேர்ந்து அவளுக்கு!"

தேநீர் கொடுத்தும் கிடைக்காதது ஒரு விலை அட்டையில் கிடைத்துவிட்டது. தலைகால் புரியவில்லை இவளுக்கு. சோபா வாங்க வந்ததையே மறந்துவிட்டாள். பேருந்துக்கு நிற்க முடியாது என்று வாடகைக் கார் பிடிக்கச் சொன்னாள். வழியெல்லாம், பாதிக் கடனை மகாராணியின் பொய்தான் அடைத்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் கோபம் போய்ச் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

வீட்டில் மகள் இருந்தாள். கல்லூரியில் முதல் வருடம். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதையைச் சொன்னாள், மகாராணியைப் போலவே குரலை இழுத்து நடித்தும் காட்டினாள். மகள் சிரித்தாள். சிரிக்கும்போது வழக்கம்போல் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இதுவரை நீங்கள் என் மனைவியைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டீர்கள். எங்கள் அப்பா வழிப் பல் ஒன்று உண்டு. மேல் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அது என் மகளுக்கும் வந்தது, தம்பி மகளுக்கும் வந்தது. இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பில் இருந்தபோது, இரண்டு பேருக்கும் கம்பி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மகாராணி தன் மகளுக்குப் போட்டாள். இவள் போய் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். அவள் சொன்ன தொகையைப் பத்து மாதம் சேர்த்து, அப்படியே கொண்டுபோய் வங்கியில் கட்டினோம். கடன் முடியட்டும், உனக்கும் போடலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தோம். அந்தப் பத்து மாதமும் பேருந்துக் காசை மிச்சம் பிடித்து அவளும் பள்ளிக்கு நடந்தேதான் போனாள்.

மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள். "கம்பிக்கும் பாதிதான்மா."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"சித்தப்பா பொண்ணு அப்பவே சொன்னா. எங்கம்மா உங்கம்மாகிட்ட ஏத்திச் சொல்லியிருக்காங்கன்னு."

"அடிப்பாவி! அப்பவே தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாதிப் பணம் மிஞ்சியிருக்குமே!"

மகள் கோபப்படவில்லை. மணி என்ன என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"மிஞ்சியிருக்கும். அது எனக்கா வந்திருக்கும்?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனேன்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போகலாம்டி. இப்பதான் கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லையே" என்றாள் இவள்.

"நான் கேட்டது அது இல்லம்மா."

இவள் கொஞ்ச நேரம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "வந்திருக்கும்டி. உனக்குத்தான் வந்திருக்கும்" என்றாள்.

மகள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கம்பிப் பணத்தைக் கட்டி முடித்த அதே மாதம் எதிர்வீட்டில் ஏ.சி. மாட்டினார்கள்; மறுமாதமே நாங்கள் அதைக் கட்ட ஆரம்பித்தோம். அது எங்கள் மூன்று பேருக்கும் நினைவிருந்தது.