போகாத திருப்பதி

ஆறு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஏற்ற முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மொட்டைத் தலையோடு வேங்கிக்கால் வீட்டு வாசலில் இறங்கியபோது பக்கத்து வீட்டு அக்கா, "திருப்பதி போய்ட்டு வந்தீங்களா? சொல்லவேயில்ல" என்றாள். அம்மா தயங்கவே இல்லை. "ஆமாங்க, திடீர்னு கிளம்பிட்டோம்" என்றாள். எங்கள் ஊரில் மொட்டைக்கு வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? மறுநாள் மிட்டாய்க்கடையில் லட்டு வாங்கிவந்து பிரசாதம் என்று தெருவுக்கே கொடுத்தாள்.

அந்த லட்டை நானும் தின்றேன். காய்ச்சலில் கிடந்ததால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறுவது, ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மடியில் உட்காருவது, யாரோ என் தலையில் சந்தனம் பூசுவது, அந்தக் குளிர்ச்சி கழுத்து வரை இறங்குவது, எல்லாம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஊசி போட்ட நர்ஸின் முகம் ஞாபகம் இல்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

பிழைத்தேன், வளர்ந்தேன். திருப்பதிக் கதையும் கூடவே வளர்ந்தது. உண்மை வெளியே தெரிந்தால் "உன்ன எவன் கட்டுவான்?" என்பதுதான் அம்மாவின் ஒரே பேச்சு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வராத மாப்பிள்ளைக்காக, வந்த நோயை மறைப்பதா?

போன பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் ஒரு மரத்தடியில் உண்டியலோடு நின்றேன். பின்னால் 'குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவுங்கள்' என்று ஒரு துணி. எனக்கு வந்ததை மட்டும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். நான் உளறிவிடுவேனோ என்று காவலுக்கும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் சாய்ந்து மலை நீலமானது. வெறுங்கால்கள் போய்க்கொண்டே இருந்தன. பார்த்துக்கொண்டே நின்றதில், ஜனங்கள் நிற்கிறார்கள், நானும் மரமும் மலையும்தான் மெல்லப் பின்னால் போகிறோம் என்று ஒரு மயக்கம். அப்படியே போய்விட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. ஒரு பெரியவர் வந்து, "சாப்பாடு எப்போம்மா போடுவீங்க?" என்றார்.

"சாப்பாடு இல்லைங்க. ஆராய்ச்சிக்கு."

"அத எப்படி சாப்புடறது?" என்று சிரித்துவிட்டு, ஒரு நோட்டைப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அப்புறம் ஒருவர் துணியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நின்றார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயமாம். "எங்க பையன் சென்னையில படுத்திருக்கான். இதே நோவுதான். அவன் அத்தைய பக்கத்துல வச்சுட்டு மலை சுத்த வந்தோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வந்த புள்ளைங்க பொழைக்குமாம்மா? யாரயாச்சும் நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "டாக்டருங்க நல்லா பாத்துக்குவாங்க" என்று எதையோ முணுமுணுத்தேன். அவர் தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"இருங்க" என்றாள் அம்மா. எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "இவளுக்கு வந்துச்சுங்க. ஆறு வயசுல. இதே நோவு."

அவர் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். கூட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. வந்து பாரு. எவ்ளோ பெரிய பொண்ணா நிக்குது பாரு."

அந்தப் பெண் ஓடிவந்து, கையை நீட்டி, தொடலாமா என்று தயங்கினாள். இத்தனை வருஷம் என்னை ஊர்க்கண்ணிலிருந்து மறைத்துவைத்த அம்மா, என் தோளைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினாள்.

"தொட்டுப் பாரும்மா" என்றாள்.