மகேஸ்வரியின் பத்து நாள் லீவு

ஐ.டி. கம்பெனியில் பிளானிங் வேலை பார்க்கிறவனுக்கு எல்லாத் தேதியும் தெரியும். ஒரு தேதியும் அவன் சொன்னபடி இருக்காது. யார், எந்த வேலையை, என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிப்பார் என்று எக்செல் ஷீட்டில் வரி வரியாக எழுதுவதுதான் என் பிழைப்பு. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லப்போவதில் எதுவும் புதிதாக இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எளநி குடித்துவிட்டு வந்தது

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரை வியாபாரி. பெரிய கை. எந்தத் தோப்பிலிருந்து எத்தனை லோடு தேங்காய் வந்தது, எந்தக் களத்தில் காய்கிறது, எந்தக் குடோனில் கிடக்கிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும் என்று எங்களிடம் வந்தார். வேலையின் பெரும்பகுதியைச் செய்யப்போகிறவர் மகேஸ்வரி. மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். எங்கள் ஆபீஸில் அவரை மாதிரி புரோகிராம் எழுத இன்னொருவர் கிடையாது. நானும் அவரும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தோம். எப்படிச் சுருக்கினாலும் ஆகஸ்ட் கடைசி ஆகும் என்று தெரிந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, மார்ச் மாதம் எங்கள் மேனேஜர் பிரபாகரோடு பொள்ளாச்சிக்குப் போனேன்.

கொப்பரை முதலாளி தன் கையாலேயே எளநி வெட்டிக் கொடுத்தார். பிறகு இலை போட்டுச் சாப்பாடு. கை கழுவி வந்ததும், ஆடி பிறந்துவிட்டால் தாங்கள் எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை என்றும், அதனால் ஆனியின் கடைசி முகூர்த்தத்தில், ஜூலை முதல் வாரத்திலேயே, கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டுவிடலாம் என்று ஜோசியரைக் கேட்டு முடிவு செய்தாயிற்று என்றும் சொன்னார். நம் ஊரில் சோறு போட்ட மனுசனின் முகத்தைப் பார்த்து "முடியாதுங்க" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பிரபாகர் "ஆகட்டுங்க" என்றார். நானும் "ஆகட்டுங்க" என்றேன். பையில் இருந்த பேப்பர் பையிலேயே இருந்தது. கார் வரைக்கும் வந்து வழியனுப்பிய முதலாளி, என் தோளில் தட்டிச் சொன்னார்: "தேதிய நாங்க பாத்துட்டோமுங்க, வேலைய நீங்க பாத்துக்கோங்க."

பின்னாலிருந்து போட்ட பிளான்

வேலை எவ்வளவு என்று பார்த்து, அதற்கு எத்தனை நாள் என்று எண்ணி, கடைசியில் ஒரு தேதிக்கு வந்து சேர்வதுதான் பிளான் போடும் முறை. அப்படித்தான் ட்ரெய்னிங்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாங்கள் ஜூலை முதல் வாரத்தைக் கடைசி வரியில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே ஏறி வந்தோம். மார்ச் மாதத்துக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மாத வேலை மூன்றரை மாதத்துக்குள் உட்கார்ந்திருந்தது. சோதனைக்கு இருபது நாள் என்பது ஆறு நாளாகியிருந்தது.

மகேஸ்வரிக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன், ஒரு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள், தள்ளிப் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏப்ரல் கடைசியில் பத்து நாள் லீவு வேண்டும் என்று என்னிடம்தான் முதலில் வந்து கேட்டார். தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஷீட்டில் 'மகேஸ்வரி, லீவு' என்று ஒரு வரி எழுதி மஞ்சள் நிறமும் அடித்தேன். பிரபாகர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அந்த வரியை மே நடுவுக்குத் தள்ளச் சொன்னார். டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இது: "கல்லு எங்கீங்க போயிரப்போவுது, உள்ளதானுங்க இருக்கும்."

தொண்ணூறு சதவீதம்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொருவரிடமும் போய் வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று கேட்டு எழுதுவது என் கடமை. லோடு வந்து இறங்கும்போது பதிவு போடும் பகுதியைச் செய்துகொண்டிருந்தவர் செந்தில். முதல் திங்கட்கிழமை ஐம்பது என்றார். இரண்டாவது வாரம் தொண்ணூறு. அதற்குப் பிறகு வந்த நாலு வாரமும் தொண்ணூறு. நானும் சளைக்காமல் எழுதினேன். எழுதியதைப் பிரபாகர் பொள்ளாச்சிக்கு அனுப்பினார். பொள்ளாச்சிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

ஏழாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. திறந்து காட்டுங்கள் என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே நுழைவதற்கு ஒரு பக்கம் இருந்தது, அழகான பச்சைப் பொத்தான் ஒன்று இருந்தது, அதை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கே அந்த வேலையும் மகேஸ்வரி தலையில் விழுந்தது. மே நடுவில் இருந்த அவர் லீவை நான் மே கடைசிக்கு மாற்றினேன். அவரிடம் போய்ச் சொன்னபோது "சரிங்கண்ணா" என்றார், அவ்வளவுதான். அந்தக் கோபத்தோடு செந்திலிடம் போய், எதை வைத்து ஐந்து வாரமாகத் தொண்ணூறு சொன்னாய் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "எப்படிச் செய்யோணும்னு மனசுக்குப் புடிபட்டா தொண்ணூறுங்ணா, செஞ்சு முடிச்சா நூறு."

நோம்பி சாட்டியது

மே மாதம் நாலாவது வாரம் குடோனில் சோதனை என்று ஷீட்டில் இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கள் புரோகிராமில் ஆறு நாள் பதிவு போட்டுப் பார்க்க வேண்டும். தப்பு வந்தால் மகேஸ்வரி அங்கேயே உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். அது முடிந்த மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நானும் அவரும் இரண்டு லேப்டாப்போடு காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கினோம். குடோன் பூட்டிக் கிடந்தது. களத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பை ஒரு காக்கை கொத்திக்கொண்டிருந்தது. விரட்டக்கூட ஆள் இல்லை.

அரை மணி நேரம் கழித்துக் குடோன் சூப்பர்வைசர் பழனிச்சாமி புது வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டியிருந்தார்கள், அதாவது கோயில் திருவிழா என்று ஊருக்கு அறிவித்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள். எங்கள் ஷீட்டில் லீவு நாள் பட்டியல் ஏற்கெனவே இருந்த ஒன்று. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக எப்போதோ யாரோ போட்டது. அமெரிக்காக்காரன் வான்கோழி தின்கிற நாள் வரைக்கும் அதில் இருக்கிறது. முப்பது கல் தொலைவில் இருக்கிற பொள்ளாச்சிப் பக்கத்து நோம்பி இல்லை. நான் அன்னூரில் பிறந்து வளர்ந்தவன். சித்திரை வைகாசியில் எந்த ஊரில் எப்போது நோம்பி என்று ஒரு போன் போட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதற்கு யாரையும் திட்ட முடியாது, என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். மகேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். சோதனை அடுத்த வாரத்துக்குப் போனது, லீவு ஜூலைக்கு அப்புறம் என்று போனது. பழனிச்சாமி எங்கள் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, லேப்டாப்பைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: "நோம்பி சாட்டுனது சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியுமுங்களே, இந்தப் பொட்டிக்கு மட்டும் யாருஞ் சொல்லலீங்களா?"

காலை பத்து மணி

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் நின்றுகொண்டே நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் நேரம் போய்விடும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. மகேஸ்வரி தன் முறை வந்தபோது இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு மேஜையைப் பிடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. என் காரில் ஏற்றி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கல் போய் அடைத்து, பித்தப்பை சீழ் பிடித்துவிட்டது. சின்னதாகத் துளை போட்டு முடிக்க வேண்டியதை வயிற்றைக் கிழித்துச் செய்ய வேண்டும் என்றார்கள். மார்ச்சிலேயே சொல்லியும் ஏன் வரவில்லை என்று டாக்டர் அவர் கணவரைச் சத்தம் போட்டார். அந்த மனுசன் வேலை பார்க்கிற பாக்கு மண்டியிலிருந்து போட்ட சட்டையோடு ஓடி வந்தவர். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் பிரபாகரின் போன் வந்தது. "அய்யோ பாவமுங்க. எத்தன நாளாகும்னு டாக்டரக் கேட்டுப்போட்டு ஷீட்ல ஏத்தி உட்ருங்க."

முதலாளி சொன்னது

மகேஸ்வரி இல்லாமல் ஜூலையில் முடியாது என்று கடைசியில் பிரபாகருக்கே தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல அவர் போகவில்லை. என்னை அனுப்பினார். திட்டினால் வாங்கிக்கொண்டு வாருங்கள், எதிர்த்துப் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். முதலாளி இந்த முறையும் எளநி வெட்டினார். நான் வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட் கடைசி என்று மார்ச் மாதமே எழுதி வைத்திருந்ததையும், அதைப் பையிலிருந்து எடுக்காததையும், மகேஸ்வரியின் லீவை மூன்று தடவை தள்ளியதையும் சொன்னேன். ஜூலை போனால் ஆடி, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். ஆவணியிலும் முகூர்த்தம் இருக்கிறது, அதிலொன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றார். இத்தனை நாள் எழுதிய மாதிரி இன்னும் இரண்டு மாதம் நோட்டில் எழுதினால் குடி முழுகிவிடாது என்றார். மகேஸ்வரி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டார். இவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்ததில் எனக்கு நிம்மதி வரவில்லை. தலையிலிருந்து கால் வரை எரிந்தது. நாலு மாதமாகக் கொம்பு சீவிய மாடு மாதிரி எங்களை விரட்டிய தேதி, ஒருத்தரும் போய்க் கேட்காததால் மட்டும் நின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் வாசலைத் தாண்டும்போது அவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "ஒரு பொண்ணுக்கு ஆபரேசன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்கென்ன கடிச்சா போட்ருப்போமுங்க?"

சொன்ன தேதிக்கு முடிந்த ஒரே பிளான்

பத்து நாளில் முடிய வேண்டிய லீவு ஒன்றரை மாதம் ஆனது. மகேஸ்வரி திரும்பி வந்த முதல் நாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மேட்டுப்பாளையத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. பிரபாகர் என்னைக் கூப்பிட்டு, மகேஸ்வரி போவதற்குள் அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செந்திலுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பிளான் போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவை முன்னாலிருந்து எண்ணிப் போட்டேன். பின்னால் அது சொன்ன தேதிக்கே முடிந்தது.

அந்தப் பிளானைக் காட்டுவதற்காக மகேஸ்வரியின் மேஜைக்குப் போனபோது எனக்கு அதை மட்டும் காட்டிவிட்டு வர மனம் வரவில்லை. நான் ஷீட்டில் மஞ்சள் அடித்து வைத்திருந்ததையும், பிரபாகர்தான் பிடிவாதமாகத் தள்ளச் சொன்னார் என்பதையும், நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன் என்பதையும் படபடவென்று சொல்லி முடித்தேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மகேஸ்வரி பொறுமையாகக் கேட்டார். பிளானை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்து, தேதியெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "அவரு சொன்னாருங்கண்ணா, மூணு தடவையும் மாத்தி எழுதுனது நீங்கதானுங்களே."

பதினாறு வருடம் பிளான் போட்டதில் நான் கற்றுக்கொண்ட தொழில் இதுதான்: எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்து, அவருடைய நாட்களை எடுத்து மற்ற எல்லோருக்கும் மரியாதையாகப் பங்கு வைப்பது.